பாராடாங்கில் முடியாமல் போன ஆட்டம்

அந்தமான் போகிறோம், ஏதாவது சொல்லுங்கள் என்று இந்த வலைப்பூவுக்குக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. நான் அங்கே போனது எழுபதுகளின் கடைசியில். இன்றைய ஓட்டல் வாடகை எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தமானில் எப்படிப் பயப்பட வேண்டும் என்று கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இருக்க முடியாது. கப்பல் ஏறிய நிமிஷம் முதல் நடுங்கிக்கொண்டே சுற்றிய ஆள் நான்.

ஊர் சுற்றப் போகவில்லை. அந்த வருஷம் தேசிய முதல் டிவிஷன் மகளிர் கூடைப்பந்து லீக்கில் எங்கள் மெட்ராஸ் அணி சாம்பியன். போர்ட் பிளேர் பெண்களோடு காட்சி ஆட்டம் ஆட வரச் சொல்லி அழைப்பு வந்தது. நான் அணியின் சென்டர். உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதலில் என் தலையைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் சில்லறை. இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு நான் தண்ணீரைக் கண்டால் பயப்படுவேன் என்று யாரும் நம்பவில்லை. நீச்சல் தெரியாது. மெரினாவில்கூடக் கால் நனைத்ததில்லை.

எங்கள் கேப்டன் நளினி அக்காவுக்கு இந்தப் பயணத்தில் வேறொரு கணக்கு இருந்தது. எங்களோடு ஆடிய ஒரு பெண் கல்யாணம் ஆகிப் போய்விட்டதால் அணியில் ஓர் இடம் காலி. அடுத்த லீக்குக்கான பயிற்சி முகாம் பக்கத்தில் வந்துவிட்டது. முகாமின் முதல் நாள் யார் நேரில் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் இடம், அதுதான் விதி. போகிற இடத்தில் நல்ல ஆட்டக்காரி கிடைத்தால் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார்.

மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலில் சுமார் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். கப்பல் நாலாம் நாள் காலையில் சேர்ந்தது. பங்க் கிளாஸ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில் போட்ட பெரிய கொட்டகை. எண்ணெய் வாடையும் வாந்தி வாடையும் கலந்து வரும். லைஃப் ஜாக்கெட் எப்படிக் கட்டுவது என்று முதல் நாள் காட்டினார்கள். எல்லாரும் கழற்றிக் கொடுத்தார்கள், நான் மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் கோச் என்னைக் கேலி செய்தார். இரண்டாம் நாளிலிருந்து அவரால் கேலி செய்யவும் முடியவில்லை, தலையைத் தூக்கவும் முடியவில்லை. போர்ட் பிளேரில் இறங்கிய பிறகும் தரை ஆடுகிறது என்று சொல்லிப் படுத்தவர், திரும்பக் கப்பல் ஏறும்வரை எழுந்திருக்கவே இல்லை.

மரைன் ஹில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கவைத்தார்கள். மேட்டில் இருப்பதால் துறைமுகம் முழுக்கத் தெரியும். எனக்கு அந்த ஜன்னலே வேண்டாம் என்றிருந்தது. எங்களைக் கவனித்துக்கொள்ள சுப்பையா என்ற குமாஸ்தாவை அனுப்பியிருந்தார்கள். பரமக்குடிக்காரர், பத்து வருஷமாகத் தீவில் வேலை. தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். “கப்ராவோ மத்மா, நம்ம ஊர் கடல் மாதிரி இல்ல, இது சீதா சாதா கடல்” என்பார். பயப்படாதே, சாதுவான கடல்தான் என்று என்னைத் தேற்றுகிறாராம்.

போர்ட் பிளேர் ஆட்டத்தில் சுலபமாக ஜெயித்தோம். ஆனால் எதிரணியில் ஒரு பெண் எங்களைப் படாதபாடு படுத்தினாள். பெயர் பவளம், வயது பத்தொன்பது. குள்ளம்தான், ஆனால் என் கைக்குக் கீழே புகுந்து போய்ப் பந்தைப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்ப்பாள். ஆட்டம் முடிந்ததும் அக்கா நேராக அவளிடம் போனார். “மெட்ராஸ் வர்றியா? எங்க டீம்ல ஆட.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அப்பாவக் கேக்கணுங்க்கா” என்றாள்.

அப்பா முத்தையா வடக்கே பாராடாங் தீவில் ரோடு போடும் வேலையில் மேஸ்திரி. இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தீவுக்கு வந்த குடும்பம். பவளம் போர்ட் பிளேர் ஹாஸ்டலில் படித்தபோது கற்ற ஆட்டத்தைப் பாராடாங் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் வந்தது. சம்மதம்தான், ஆனால் பெண் எடுக்கிறவர்கள் வீட்டுக்கு வந்துதானே எடுக்க வேண்டும், எங்கள் ஊரில் வந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டுக் கூட்டிப் போகட்டும் என்றாராம். நியாயமான பேச்சு. சிக்கல் என்னவென்றால், மெட்ராஸ் கப்பல் மூன்றாம் நாள் காலை கிளம்புகிறது. அதை விட்டால் அடுத்த கப்பல் முகாம் தொடங்கிய பிறகுதான். அந்தக் கப்பல் போனால் பவளத்தின் இடமும் போச்சு.

அப்போது பாராடாங்குக்கு இன்றைக்குப் போல ரோட்டில் போய்விட முடியாது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு மோட்டார் படகில் கிளம்பினோம். கோச் தவிர அணியில் எல்லாரும், சுப்பையா, பவளம். கரையை ஒட்டியே வடக்கே போய், இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு நீரிணைக்குள் நுழைகிற வழி. இரு பக்கமும் காடு தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். “அந்தப் பக்கம் ஜாரவா ஆதிவாசிங்க எடம். நாம அங்க கால வைக்கக் கூடாது, அவங்களும் நம்மள வரச் சொல்லல. அவ்ளோதான்” என்றார் சுப்பையா.

பெரிய படகு நீரிணையிலேயே நின்றுவிட்டது. குடியிருப்புக்குப் போக அலையாத்திக் காட்டுக்குள் ஒரு ஓடை இருக்கிறது. அதில் சின்னப் படகுதான் போகும், டோங்கி என்பார்கள். அதுவும் கடல் ஏறியிருக்கும்போது மட்டும்தான். வடிந்துவிட்டால் ஓடையில் சேறுதான் மிச்சம். டோங்கி ஓட்டிய ஜோசஃப் ராஞ்சிப் பக்கத்துக்காரர். ஏறும்போதே மூன்று விரலைக் காட்டி, “தீன் பஜே, தீதி. உஸ்கே பாத் பானி நஹீ” என்றார். மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும், அப்புறம் தண்ணீர் இருக்காது. பெரிய படகும் அதற்குமேல் காத்திருக்காது.

ஓடையில் முதலை உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “ஹை” என்றார், இருக்கிறது என்று ரொம்ப சாதாரணமாக. என் இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டேன். வேர்களெல்லாம் சேற்றுக்கு மேலே முட்டி போட்டு நின்றன. தண்ணீர் தேநீர் நிறம், ஒரு சாண் ஆழத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. கரையில் கிடந்த ஒவ்வொரு கட்டையையும் அது கட்டைதானா என்று பார்த்துக்கொண்டே போனேன். எதிரே உட்கார்ந்திருந்த பவளம் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு வந்தாள்.

ஊரே கரையில் நின்றது. வங்காளிக் குடும்பங்கள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். சோறும் மீன் குழம்பும் போட்ட பிறகுதான் ஆட்டம் என்றார்கள். அங்கேயே அரை மணி போய்விட்டது. ஆடுகளம் என்பது மரம் அடுக்கும் இடத்தில் போட்ட சிமெண்டுத் தரை. வளையம் மரக்கட்டை இழுக்கும் சங்கிலி இரும்பை வளைத்துச் செய்தது, வலை கிடையாது. உள்ளூர்ப் பெண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். பவளம் தன் ஊர்ப் பக்கம் போய் நின்றுகொண்டாள். காவல் சாவடியிலிருந்து வந்த ஒரு மலையாளிக் கான்ஸ்டபிள் விசில் வைத்திருந்தார், சுப்பையா கைக்கடிகாரம் வைத்திருந்தார்.

இருபது பாயிண்ட் வித்தியாசத்தில் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தோம். அந்தத் தரையில் எங்கே பள்ளம், எங்கே பந்து எகிறும் என்று அவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அந்த வளையத்தில் பட்டால் எங்கள் பந்தெல்லாம் வெளியே, அவர்கள் பந்தெல்லாம் உள்ளே. எனக்கோ ஒரு கண் பந்தில், ஒரு கண் ஓடையில். கரையோரத்துச் சேறு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கொஞ்சம் அகலமாகிக்கொண்டிருந்தது. கடைசி விசில் ஊதியபோது இரண்டு பக்கமும் ஒரே பாயிண்ட்.

ஊர் ஆரவாரம் செய்தது. முத்தையா ஓடி வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். “போதும்மா, ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு. தண்ணி போகுது, கெளம்புங்க.”

நளினி அக்கா கையை விடுவித்துக்கொண்டார். “கூடைப்பந்துல சமன்னு ஒண்ணு கிடையாதுங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆடணும். சாம்பியன்னு பேர வச்சுக்கிட்டு ஆட்டத்தப் பாதியில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” விளையாட்டுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் புரியாது. ஜோசஃப் டோங்கியிலிருந்து என்னவோ கத்தினார். அக்காவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

கூடுதல் நேரத்தின் கடைசியில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். பவளம் புகுந்து வந்தாள், நான் தடுக்கப் போய் அவள் மணிக்கட்டில் அடித்துவிட்டேன். விசில். நேரம் முடிந்தது, அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும் பாக்கி. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டும் விழுந்தால் அவர்கள் ஜெயித்தார்கள், கிளம்பலாம். இரண்டும் விழாவிட்டால் நாங்கள் ஜெயித்தோம், கிளம்பலாம். ஒன்று மட்டும் விழுந்தால் மறுபடி சமன், மறுபடி ஐந்து நிமிஷம், ஓடையில் தண்ணீர் இருக்காது, நாளைக்குக் கப்பலும் இருக்காது. அவளுக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

முதல் பந்து இரும்பைத் தொடாமல் விழுந்தது. தேசிய சாம்பியன் அணியில் இருந்துகொண்டு எதிரணியின் பந்து விழ வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். இரண்டாவது பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது.

பவளம்தான் பந்தை எடுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தாள். “இன்னும் அஞ்சு நிமிஷம் ஆடணும்லக்கா. ரூல் அதான?”

அக்கா அவளைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், பிறகு அவள் கையிலிருந்த பந்தை வாங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். “ஆட்டம் முடியல. மிச்சத்த மெட்ராஸ்ல ஆடிக்கலாம். போய் உன் துணிப்பைய எடு.” எட்டு வருஷம் அவரோடு ஆடியிருக்கிறேன். முடிவு தெரியாத ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் நடந்து போனதை வேறெப்போதும் பார்த்ததில்லை.

முத்தையா மகளின் தலையில் கைவைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அழக்கூட நேரமில்லை. டோங்கியில் ஏறி இரண்டு வளைவு தாண்டியதுமே அடியில் சரக்கென்று சத்தம் கேட்டது. நின்றுவிட்டோம். ஜோசஃப் கழியை ஊன்றித் தள்ளினார், சுப்பையா தள்ளினார், நகரவில்லை. அந்தப் பக்கம் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். மரத்துக்குள் வெளிச்சம் அப்போதே குறைய ஆரம்பித்திருந்தது. ஜோசஃப் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினார். “லம்பீ தீதி” என்றார். உயரமான அக்கா இறங்கித் தள்ள வேண்டும். கட்டையானவர்கள் இறங்கினால் இடுப்புக்கு மேல் சேறு ஏறிவிடும்.

நான் மாட்டேன் என்றேன். நிஜமாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடியாது, செத்துப்போய்விடுவேன் என்று சொன்னேன். ஒருவரும் வற்புறுத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தூரத்தில் பெரிய படகு ஹாரன் அடித்தது. பவளம் துணிப்பையைக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். கப்பல் போய்விடும் என்று அழுகிறாள் என நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தாண்டிக் காலை விட்டேன்.

சேறு குளிர்ச்சியாக இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. தொடைவரை இழுத்துக்கொண்டது. ஏதோ காலில் உரசியது. வேராக இருக்கலாம். இன்றுவரை வேர் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். சுப்பையா கழியால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார், எதை விரட்ட என்று நான் கேட்கவில்லை. வாயில் எல்லாச் சாமி பெயரும் வந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அப்போது பக்கத்தில் தொப்பென்று சத்தம். கத்திவிட்டேன். பவளம் இறங்கியிருந்தாள். இடுப்புவரை சேற்றில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், “தள்ளுங்கக்கா” என்றாள். தள்ளினோம். டோங்கி நகர்ந்தது. எங்களை அள்ளி உள்ளே போட்டார்கள். நீரிணைக்குள் நாங்கள் நுழைந்தபோது பெரிய படகு நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கப்பலில் ஏறினோம். எனக்கு ஒரு வியப்பு, அன்றைக்கு அவ்வளவு பயம் இல்லை. தளத்தில் பவளம் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலை ஓடையில் கையளைந்தவள் கப்பலுக்குப் பயப்படுகிறாளே என்று பக்கத்தில் போனேன்.

“என்னால ஏலாதுக்கா” என்றாள். “எங்க தாத்தா கப்பல் ஏறித்தான் கண்டிக்குப் போனாரு. திரும்பல. எங்கள அங்கருந்து அனுப்பினப்பவும் கப்பல்தான். மண்டபம் கேம்ப்ல இருந்து இங்க வந்ததும் கப்பல்தான். ஒவ்வொரு தடவையும் அம்மா, கொஞ்ச நாளுதான்டி, திரும்பி வந்துருவோம்னு சொல்லுவாங்க. கப்பல்ல ஏறுன எங்க ஆளுங்க யாரும் திரும்பிப் போனதே இல்லக்கா.”

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ரெண்டாவது பந்த நான் வேணும்னேதான் விட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷம் ஆடியிருந்தா தண்ணி வடிஞ்சிருக்கும். ஊரே சந்தோசமா நிக்கயில போகமாட்டேன்னு வாயத் தொறந்து எப்படிச் சொல்றது?”

“அப்புறம் ஏன் இறங்கித் தள்ளின?”

“அம்புட்டுப் பயத்தோட நீங்க எனக்காக எறங்குனீங்க. பாத்துக்கிட்டு உக்கார முடியல.”

பின்னால் நளினி அக்கா நின்றிருந்தது எனக்குத் தெரியாது. என்ன திட்டு விழப்போகிறதோ என்று பார்த்தேன். அக்கா கேட்டது ஒன்றுதான். “ஆட ஆசையில்லையா?”

“ஆட ஆசைதாங்க்கா. போகத்தான் பயம்.”

அக்கா கைப்பிடிமேல் சாய்ந்து கீழே கப்பல்துறையில் நின்ற சுப்பையாவைக் கூப்பிட்டார். “சுப்பையா, இந்தப் பொண்ணு பேர்ல மெட்ராஸ்ல இருந்து இங்க வர ஒரு டிக்கெட் போட்டு வாங்க. தேதி வேண்டாம்.”

“தேதி இல்லாம குடுக்க மாட்டாங்க மேடம்” என்றவர், பவளத்தின் முகத்தைப் பார்த்ததும், “டீக் ஹை, டிக்கெட் குடுக்குற படா பாபு நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்” என்று ஓடினார். கப்பல் ஒருமுறை ஊதியது. ஏணியருகே ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். பவளம் ஏணியைப் பார்க்கிறாள், நான் பவளத்தைப் பார்க்கிறேன். இறங்கிவிட்டால் பிடிக்கக் கூடாது என்று அக்கா எனக்குச் சைகை காட்டினார். சுப்பையா வேர்த்து விறுவிறுத்து ஏணியில் பாதி ஏறி வந்து டிக்கெட்டை நீட்டினார். அக்கா அதை வாங்கி அவள் கையில் வைத்தார். “என்னைக்கு வேணும்னாலும் போ. என்கிட்டக் கேக்க வேண்டாம்.” அவள் இறங்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. இப்போது போர்ட் பிளேரிலிருந்து பாராடாங்குக்கு ரோடு இருக்கிறது, நூறு கிலோமீட்டர் சுமார். காட்டுக்குள் வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுகிறார்கள், அதனால் விடியுமுன்னே கிளம்புங்கள். வழியில் நிறுத்தாதீர்கள், ஜாரவா மக்களைப் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீடு. ஓடையில் படகுக்காரர் ஒரு நேரம் சொன்னால் அதோடு வாதாடாதீர்கள், கடலுக்குக் கூடுதல் நேரம் கிடையாது. தண்ணீருக்குள் கையை விடாதீர்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று உடன் வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைப் புறப்படும் முன்பே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவளம் அந்த டிக்கெட்டை ஷூ பைக்குள் வைத்திருந்தாள். முகாமில் முதல் வாரம் தினமும் எடுத்துப் பார்ப்பாள், பிறகு எப்போதாவது. அந்த வருஷமும் நாங்கள்தான் சாம்பியன். லீக் முடிந்த அடுத்த கப்பலில் அவள் ஊருக்குப் போனாள். திரும்ப வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த சீசனுக்கு வந்து நின்றாள். உன் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“ஹார்பருக்கு வந்துருந்தாருக்கா. நான் எறங்கி எதுத்தாப்புல போய் நிக்கிறேன், அவரு என்னத் தாண்டிக் கூட்டத்தயே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்பான்னு கையப் புடிச்சேன். அப்படியே தரையில உக்காந்துட்டாரு. கப்பல்ல போன ஆளு திரும்பி வந்து அவரு பாத்ததே இல்லையில்ல.”